அமிகாவுக்கு எந்த ஆக்சிலரேட்டர்: 030, 060, வாம்பயர், பைஸ்டார்ம்

பழைய கணினியை வேகமாக்கும் ஆக்சிலரேட்டர் போர்டு வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தால் முதலில் கண்ணில் படுவது வேக அட்டவணைதான். ஒன்று 10 மிப்ஸ் (வினாடிக்கு இத்தனை மில்லியன் கட்டளைகள் என்ற அளவு) என்கிறது, அடுத்தது 40 என்கிறது, இன்னொன்று ஆயிரத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது, அதைப் பார்த்ததும் பெரிய எண்ணையே வாங்கிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்கிற பலருக்குத் தங்களுக்குப் பொருந்தாத போர்டுதான் வந்து சேர்கிறது. இந்த இயந்திரத்தில் எதை ஓட்டப்போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள், எந்த போர்டு என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். கமடோர் நிறுவனத்தின் அமிகா 500, அமிகா 1200 இரண்டையும் வைத்தே பேசப்போகிறேன், ஏனென்றால் இவ்வளவு வகையான போர்டுகள் கிடைக்கிற பழைய கணினிகள் குறைவு. ஆப்பிள் 2, கமடோர் 64, ஐபிஎம் பிசி வைத்திருப்பவர்களுக்கும் பின்னால் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் ராம்

அமிகா 500 வந்தது 1987-இல். அதில் இருப்பது 68000 ப்ராசஸர், பால் டிவி முறைக்கான மாடலில் 7.09 மெகாஹெர்ட்ஸ். அமிகா 1200 வந்தது 1992-இல், அதில் 14 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 68இசி020, கூடவே 2 மெகாபைட் சிப் ராம். இந்த சிப் ராம் என்றால் என்ன என்று பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் எளிது. படம், ஒலி, டிஸ்க் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் தனிச் சிப்புகளும் ப்ராசஸரும் இந்த ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அதில் முன்னுரிமை அந்தத் தனிச் சிப்புகளுக்கு, ப்ராசஸர் இடைவெளி கிடைக்கும்போதுதான் உள்ளே நுழைய முடியும். ஃபாஸ்ட் ராம் என்பது ப்ராசஸருக்கு மட்டுமே ஆன நினைவகம், அங்கே யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அமிகா 500-இன் அடிக்கதவுக்குள் செருகுகிற 512 கிலோபைட் விரிவாக்கத்தையும் ஃபாஸ்ட் ராம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது உட்கார்ந்திருப்பது சிப் ராமின் அதே பாதையில், அதனாலேயே அதற்கு ஸ்லோ ராம் என்று பெயர்.

அமிகா 1200-க்கு ப்ராசஸரைத் தொடாமல் 32 பிட் ஃபாஸ்ட் ராம் மட்டும் போட்டாலே வேகம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. அந்த 020 ப்ராசஸர் முதல் நாளிலிருந்தே நினைவகத்துக்காகக் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஆகவே உங்களிடம் வெறும் 1200 இருந்தால் முதல் செலவு ராம் போர்டுக்குத்தான், அதைப் போட்டு ஓட்டிப் பார்த்த பிறகும் போதவில்லை என்றால் மேலே யோசிக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: 8 மெகாபைட் ராம் போர்டு பக்கவாட்டில் இருக்கும் பிசிஎம்சிஐஏ துளையின் முகவரிகளோடு மோதும். அந்தத் துளையில் நெட்வொர்க் கார்டோ மெமரி கார்டோ செருகுகிற எண்ணம் இருந்தால் போர்டில் 4 மெகாபைட்டாகக் குறைத்து வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று பாருங்கள். 030, 060 (68030, 68060 ப்ராசஸர்கள்) போர்டுகளில் ராம் 24 பிட் முகவரி எல்லைக்கு வெளியே வைக்கப்படுவதால் இந்த மோதல் வராது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எந்த ப்ராசஸரைப் போட்டாலும் சிப் ராமுக்குப் போகிற பாதை அதே பாதைதான். அமிகா 1200-இல் அதன் வேகம் வினாடிக்கு சுமார் 7 மெகாபைட், 500-இல் இன்னும் குறைவு. திரையில் தெரிகிற ஒவ்வொரு புள்ளியும் கடைசியில் அந்தப் பாதை வழியாகத்தான் போயாக வேண்டும். முப்பரிமாண ஆட்டம் ஒன்றில் 060 போட்டவருக்கும் அதைவிடப் பல மடங்கு வேகமான போர்டு போட்டவருக்கும் அமிகாவின் சொந்தத் திரையில் வித்தியாசம் எதிர்பார்த்த அளவு தெரியாமல் போவதற்கு இதுதான் காரணம். ஆர்டிஜி எனப்படும் தனி கிராஃபிக்ஸ் வழி இருந்தால் மட்டுமே இந்த அடைப்பைச் சுற்றிக்கொண்டு போகலாம்.

வேகம் கூடினால் எது உடையும்

வெறும் ஆட்டங்களுக்காகவே அமிகா வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். 1980-களின் கடைசியில் வந்த ஆட்டங்களை எழுதியவர்களுக்கு 7 மெகாஹெர்ட்ஸ் 68000 என்பது மாறாத ஒன்று. திரையில் படங்களை நகலெடுக்கும் பகுதியான பிளிட்டரை ஒரு வேலைக்கு அனுப்பிவிட்டு, அது முடித்ததா என்று பார்க்காமலே அடுத்த வரிக்குப் போன நிரல்கள் ஏராளம், ப்ராசஸர் அங்கே வந்து சேர்வதற்குள் பிளிட்டர் எப்படியும் முடித்திருக்கும் என்ற நம்பிக்கையில். ப்ராசஸர் வேகமானதும் அந்த நம்பிக்கை பொய்த்து, திரையில் படங்கள் கிழிந்து தெரிகின்றன. புரோட்ராக்கர் வகைப் பாட்டு வாசிக்கும் நிரல்கள் ஒலிச் சிப் தயாராகும்வரை ஒரு சின்னச் சுழற்சியில் எண்ணிக்கொண்டு காத்திருக்கும், வேகமான ப்ராசஸரில் அந்தச் சுழற்சி கண் இமைக்கும் முன் முடிந்துவிடுவதால் பாட்டில் சுரங்கள் விடுபட்டுப் போகும். தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் நிரல்கள் 020-இலிருந்து வந்த கேஷால் (ப்ராசஸருக்குள் இருக்கும் சின்ன வேக நினைவகம்) குழம்பும். 68000 முகவரியின் மேல் 8 பிட்டைக் கண்டுகொள்ளாது என்பதால் அந்த இடத்தில் வேறு தகவலை ஒளித்து வைத்த நிரல்கள் 32 பிட் முகவரி வந்ததும் அப்படியே விழுந்துவிடும்.

இதற்கெல்லாம் பெரிய தீர்வு டபிள்யூஎச்டிலோட் என்ற நிரல். ஆட்டத்தை வன்தட்டிலிருந்து ஏற்றுவதோடு, ஆட்டத்துக்கு ஆட்டம் தனியாக எழுதப்பட்ட திருத்தங்கள் வழியாக மேலே சொன்ன கோளாறுகளையும் அது சரிசெய்துவிடுகிறது. அதற்கு வேண்டியது கொஞ்சம் ஃபாஸ்ட் ராமும், வன்தட்டைச் சேர்க்கும் ஒரு ஐடிஇ இணைப்பும்தான். அமிகா 500-இல் 68000-ஐ அப்படியே விட்டுவிட்டு, சாக்கெட்டில் 8 மெகாபைட் ஃபாஸ்ட் ராமும் ஐடிஇயும் உள்ள சின்னப் போர்டைப் போட்டாலே பழைய ஆட்டங்களில் மிகப் பெரும்பாலானவை மெமரி கார்டிலிருந்து ஓடும். 68000-இல் ஒரு சின்னக் குறை, ஆட்டத்தின் நடுவே ஒரு விசையை அழுத்தி வெளியே வரும் வசதி பல ஆட்டங்களில் வேலை செய்யாது, அதற்கு 68010 அல்லது மேலான ப்ராசஸர் வேண்டும். அதற்காக மட்டும் 68010 போடலாமா என்று கேட்பார்கள். கால்கள் அப்படியே பொருந்தும், ஆனால் வேகத்தில் கிடைப்பது சொற்பம், 68000-இல் எல்லோருக்கும் திறந்திருந்த ஒரு கட்டளை 68010-இல் பயனர் நிரல்களுக்கு மூடப்பட்டதால் சில பழைய நிரல்கள் நின்றும் போகும். சரி, அதை அதோடு விடுவோம்.

ஆட்டங்கள் மட்டும்தான் உங்கள் ஆர்வம் என்றால் இந்த இடத்திலேயே நின்றுவிடலாம். பெரிய போர்டு வாங்கிவிட்டுப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கேஷை அணைத்து, வேகத்தைக் குறைத்து உட்கார்ந்திருப்பதில் ஒரு பயனும் இல்லை.

030: இன்னும் நான் முதலில் சொல்வது இதைத்தான்

68030 வந்ததும் 1987-இல்தான். கட்டளைகளுக்கு 256 பைட், தரவுக்கு 256 பைட் என்று சின்னச் சின்னக் கேஷ்கள், சிப்புக்குள்ளேயே எம்எம்யு, அதாவது நினைவக முகவரிகளை நிர்வகிக்கும் பகுதி. 50 மெகாஹெர்ட்ஸ் 030, கூடவே நல்ல ஃபாஸ்ட் ராம் என்ற சேர்க்கை 1990-களிலேயே அமிகா 1200-க்கு ஒரு அளவுகோலாக ஆகிவிட்டது, ஃபேஸ்5 நிறுவனத்தின் பிளிசார்ட் 1230 அதில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். சிஸ்இன்ஃபோ என்ற அளக்கும் நிரலில் இது 10 மிப்ஸுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். எண் சிறியதாகத் தெரியலாம். ஆனால் 1990-களின் நடுவில் எழுதப்பட்ட அமிகா மென்பொருளில் பெரும்பங்கு இந்த வேகத்தை மனதில் வைத்தே எழுதப்பட்டது. அமிகாவின் டெஸ்க்டாப்பான ஒர்க்பெஞ்ச் சுறுசுறுப்பாக இருக்கும், படம் வரையும் நிரல்கள், இசை நிரல்கள், கம்பைலர்கள் எல்லாம் வசதியாக ஓடும், 020-க்குப் பக்கத்துச் சொந்தம் என்பதால் பொருத்தப் பிரச்சினையும் மற்ற எல்லாவற்றையும்விடக் குறைவு. அதற்கென்று தனியாக லைப்ரரி கோப்பு போட வேண்டியதில்லை, ஃப்ளாப்பியிலிருந்து பூட் செய்தாலும் அப்படியே வேலை செய்கிறது.

அமிகா 500-க்கு டெரிபிள் ஃபயர் வரிசையில் டிஎஃப்536 இருக்கிறது. 68000 சாக்கெட்டில் உட்காரும் 030, 64 மெகாபைட் ராம், ஐடிஇ மூன்றும் ஒரே போர்டில். இதன் வடிவமைப்பு வெளிப்படையாகக் கிடைக்கிறது, யார் வேண்டுமானாலும் செய்யலாம், அதனாலேயே யார் சால்டரிங் செய்தது என்பதைப் பொறுத்துத் தரம் மாறும். இதை ஒரு குறையாக நான் பார்க்கவில்லை, செய்தவர் யார் என்று விசாரித்து வாங்கினால் போதும். 1200-க்கு இண்டிவிஜுவல் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் ஏசிஏ வரிசையும் உண்டு.

030 வாங்கும்போது பார்க்க வேண்டிய எழுத்துகள் இசி. 68இசி030 என்றால் எம்எம்யு இல்லை என்று பொருள். சாதாரண அமிகா ஓஎஸ்ஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. யூனிக்ஸ் வகை ஓஎஸ்களான நெட்பிஎஸ்டி, லினக்ஸ் ஓட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கும், நிரல் எழுதி நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் என்ஃபோர்சர் மாதிரியான கருவிகள் வேண்டுபவர்களுக்கும் முழு 030 கட்டாயம். அப்புறம் எஃப்பியு, அதாவது தசமக் கணக்குச் சிப்: 68882-க்கு சாக்கெட் இருந்தால் நல்லது, ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டுப் படம் உருவாக்கும் ரே டிரேசிங் செய்பவருக்கு அது பெரிய வித்தியாசம், மற்றவர்களுக்கு அது காலியாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

68040 பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 1990-இல் வந்தது, எஃப்பியு உள்ளேயே இருக்கிறது, 4 கிலோபைட் கேஷ் இரண்டு, 030-ஐவிடத் தெளிவாக வேகம். ஆனால் அது கக்குகிற சூட்டை 1200-இன் குறுகிய பெட்டிக்குள் வைத்துச் சமாளிப்பது ஒரு தனி வேலை. பெரிய பெட்டியுள்ள அமிகா 4000 உங்களிடம் இருந்து, 040 அதிலேயே வந்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், புதிதாக 040-ஐத் தேடிப் போக வேண்டாம்.

060: யாருக்கு நிஜமாகவே வேண்டும்

1994-இல் வந்த 68060 இந்தக் குடும்பத்தின் உச்சம். 8 கிலோபைட் கேஷ் இரண்டு, ஒரே நேரத்தில் இரண்டு கட்டளைகளை நடத்தும் திறன், மின்னழுத்தம் 3.3 வோல்ட் என்பதால் 040-ஐவிடக் குளிர்ச்சி. 50 மெகாஹெர்ட்ஸிலேயே 030/50-ஐவிடச் சுமார் நான்கு மடங்கு வேகம், கடைசித் திருத்தமான ஆறாவது திருத்தச் சிப்பாக இருந்தால் 100 மெகாஹெர்ட்ஸ் வரைகூடக் கொண்டுபோகிறார்கள். 1200-க்கு டிஎஃப்1260 போர்டு, 128 மெகாபைட் ராமோடு, இன்றைக்கு இந்த வழிக்கு வருகிறவர்கள் அதிகம் எடுப்பது.

யாருக்கு இது வேண்டும் என்றால், டெமோ (கணினியின் திறமையைக் காட்ட எழுதும், படமும் இசையும் சேர்ந்த நிரல்) பார்ப்பவர்களுக்கு. 1990-களின் கடைசியிலிருந்து வந்த பெரிய அமிகா டெமோக்கள் 1200-இன் ஏஜிஏ எனப்படும் கிராஃபிக்ஸ் சிப்புகளையும் 060-ஐயும் குறிவைத்து எழுதப்பட்டவை, ஒவ்வொரு விளைவும் அந்தச் சேர்க்கையில் எத்தனை ஃப்ரேம் வரும் என்று பார்த்து மெருகேற்றப்பட்டவை. அவற்றை அவை எழுதப்பட்ட ப்ராசஸரிலேயே, நிஜ ஏஜிஏ திரையில் பார்ப்பது வேறு எதனாலும் கிடைக்காத ஒன்று என்றே நான் கருதுகிறேன், அதற்காக ஒருவர் 060-க்குச் செலவு செய்தால் அது நியாயமான செலவு. தானே டெமோ எழுதுகிறவருக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் பார்க்கப்போகிறவர்கள் அந்த இயந்திரத்தில்தான் பார்ப்பார்கள்.

ஆனால் 060-ஐ வாங்குவது 030 வாங்குவது மாதிரி நேரடியான காரியம் அல்ல. இந்தச் சிப்புகள் இப்போது புதிதாகத் தயாராவதில்லை, சந்தையில் வருபவை பெரும்பாலும் பழைய தொழிற்சாலைக் கருவிகளிலும் தொலைத்தொடர்புக் கருவிகளிலும் இருந்து பிரித்தெடுத்தவை. முழு 060, எஃப்பியு இல்லாத எல்சி, எம்எம்யுவும் எஃப்பியுவும் இல்லாத இசி என்று மூன்று வகை உண்டு. எல்சியின் மேற்பரப்பைத் தேய்த்து முழு 060 என்று மறுபடி அச்சிட்டு விற்பது இந்தச் சந்தையில் எல்லோரும் அறிந்த மோசடி. நல்லவேளையாக ப்ராசஸருக்குள் ஒரு ரெஜிஸ்டரில் அதன் அடையாளமும் திருத்த எண்ணும் இருக்கின்றன, மேலே என்ன அச்சிட்டிருந்தாலும் அது பொய் சொல்லாது. அதைப் படித்துக் காட்டும் நிரல் ஓடும் திரையின் படத்தை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள், தர மறுத்தால் அந்தச் சிப் வேண்டாம்.

இன்னொரு விஷயம், 060-இல் முந்தைய ப்ராசஸர்களில் இருந்த சில கட்டளைகள் எடுக்கப்பட்டுவிட்டன, அவற்றை 68060.லைப்ரரி என்ற கோப்பு மென்பொருளாக நிரப்புகிறது. அது ஏறாமல் ஃப்ளாப்பியிலிருந்து நேராக பூட் ஆகிற பழைய ஆட்டம் அந்தக் கட்டளையைத் தொட்டால் அங்கேயே நின்றுவிடும். ஆகவே ஒரே இயந்திரத்தில் ஃப்ளாப்பி ஆட்டமும் வேண்டும் 060-உம் வேண்டும் என்றால், போர்டை முடக்கிவிட்டு மதர்போர்டில் உள்ள 020-க்குத் திரும்ப வழி இருக்கிறதா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாம்பயர்

வாம்பயர் போர்டுகளில் மோட்டோரோலா சிப்பே கிடையாது. எஃப்பிஜிஏ (உள்ளே உள்ள சுற்றை நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய சிப்) ஒன்றுக்குள் 68080 என்று பெயரிட்ட புது ப்ராசஸரை அப்பல்லோ குழுவினர் வரைந்திருக்கிறார்கள். அமிகா 500-க்கான வி2 போர்டில் 128 மெகாபைட் ராம், எச்டிஎம்ஐ வெளியீடு, மெமரி கார்டு எல்லாம் சேர்ந்தே வருகின்றன. கடிகார வேகம் எண்ணாகப் பார்த்தால் சுமார் 80 மெகாஹெர்ட்ஸ்தான், வடிவமைப்பின் திறமையால் பல வேலைகளில் 060-ஐத் தாண்டுகிறது. சுவிட்சைப் போட்டதும் உடனே உயிர் வருகிறது, உள்ளே இன்னொரு கணினி இல்லை, தனியாகப் பராமரிக்க எதுவும் இல்லை. இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடிக்கும்.

தயக்கம் வேறு இடத்தில். மோட்டோரோலாவோடு ஒத்துப்போகும் எம்எம்யு இல்லை, ஆகவே லினக்ஸ், நெட்பிஎஸ்டி வழி அடைபடுகிறது. 68080-க்கே உரிய ஏஎம்எம்எக்ஸ் கட்டளைகளில் எழுதிய நிரல்கள் வேறெந்த அமிகாவிலும் ஓடாது. கோர், அதாவது எஃப்பிஜிஏவுக்குள் ஏற்றும் அந்த ப்ராசஸர் வடிவமைப்பு, வெளிப்படையான மூலநிரல் அல்ல, அதில் ஒரு பிழை இருந்தால் அந்தக் குழு அடுத்த பதிப்பை வெளியிடும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அவர்கள் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வேலை செய்துவருகிறார்கள் என்பது உண்மை. இருந்தாலும் 30 ஆண்டு பழைய இயந்திரத்தை இன்னும் 20 ஆண்டு ஓட்ட நினைக்கிறவர் இதை ஒரு முறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

பைஸ்டார்ம்

இங்கே ப்ராசஸர் சாக்கெட்டில் உட்காருவது ஒரு சின்ன இணைப்புப் போர்டும் அதன் மேல் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியும். 68000-இன் இடத்தில் இருந்துகொண்டு, அமிகாவின் பஸ்ஸோடு பேசுகிற வேலையை இணைப்புப் போர்டு செய்கிறது, 68கே (68000 குடும்பம்) கட்டளைகளைத் தன் சொந்த ஏஆர்எம் ப்ராசஸரின் கட்டளைகளாக மாற்றி நடத்துவது பை. ஆரம்பத்தில் லினக்ஸின் மேல் முசாஷி என்ற எமுலேட்டர் ஓடியது, பிறகு வந்த எமு68 லினக்ஸே இல்லாமல் பையின் மேல் நேரடியாக ஓடி, கட்டளைகளை ஓடும்போதே மொழிமாற்றிச் சேமித்து வைத்துக்கொள்கிறது. இதனால் கிடைக்கிற வேகம் நிஜ 68கே சிப்புகள் எட்டவே முடியாத ஒன்று. அமிகா 500-க்கு மூலப் பைஸ்டார்ம், 1200-க்கு பைஸ்டார்ம்32 லைட்.

செலவுக்குக் கிடைக்கிற பலனைப் பார்த்தால் இதற்குப் பக்கத்தில் எதுவும் வராது. வேகம், தேவைக்கு மேலான ராம், பையின் எச்டிஎம்ஐ வழியாக ஆர்டிஜி திரை, பையின் மெமரி கார்டே வன்தட்டு. எம்பி3 கேட்பது, பெரிய படங்களைத் திறப்பது, இணையத்தை எட்டிப் பார்ப்பது, பெரிய நிரல்களைக் கம்பைல் செய்வது எல்லாம் 030-இல் பொறுமையைச் சோதிக்கிற வேலைகள், இதில் அவை சாதாரணமாக நடக்கின்றன. வடிவமைப்பும் மென்பொருளும் வெளிப்படையாக இருப்பது எனக்குப் பெரிய நிம்மதி, பை பழுதானால் இன்னொரு பையைச் செருகிக்கொள்ளலாம்.

குறைகளும் உண்டு. அமிகாவின் சொந்தத் திரை பழைய வீடியோ துளை வழியாகவும் ஆர்டிஜி திரை எச்டிஎம்ஐ வழியாகவும் வருகின்றன, ஆகவே இரண்டு கேபிள், மானிட்டரில் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டளைக்கும் எவ்வளவு நேரம் என்ற பழைய கணக்கு இங்கே முற்றிலும் மாறிவிடுகிறது, எண்ணிக் காத்திருக்கும் சுழற்சிகளுக்காகவும் சிப் ராம் அணுகலுக்காகவும் வேகத்தைக் குறைக்கும் அமைப்புகளை எமு68-இல் கொடுத்திருந்தாலும் சில ஆட்டங்களுக்கு அவற்றைக் கையால் சரிசெய்ய வேண்டும். சிஸ்இன்ஃபோ காட்டும் பிரம்மாண்டமான எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒரே சின்னச் சுழற்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிற சோதனை இந்த மாதிரி மொழிமாற்றும் முறைக்கு மிகவும் சாதகமானது.

பைஸ்டார்ம் போட்ட அமிகா இன்னும் அமிகாதானா என்ற சண்டை எப்போதும் உண்டு. என் பார்வையில், பிளிட்டரும், ஒலிச் சிப்பான பாலாவும், படச் சிப்பான டெனிஸும் தங்கள் வேலையை நிஜமாகவே செய்துகொண்டிருக்கும்வரை அது அமிகாதான். ஆனால் நீங்கள் நேரம் முழுவதும் ஆர்டிஜி திரையில் பெரிய ஒர்க்பெஞ்சைத் திறந்துவைத்து, பழைய திரையைப் பார்ப்பதே இல்லை என்றால், மேசைக் கணினியில் எமுலேட்டரே அந்த வேலையைச் செய்துவிடும், பழைய மதர்போர்டைச் சூடாக்க வேண்டியதில்லை.

ஆகவே என் தேர்வு இப்படி. அமிகா 500, ஆட்டங்கள் மட்டும்: 68000-ஓடு ஃபாஸ்ட் ராமும் ஐடிஇயும். அமிகா 1200, ஆட்டங்களும் கொஞ்சம் ஒர்க்பெஞ்சும்: முதலில் ராம் போர்டு, பிறகு 030. டெமோ: 1200-இல் 060, வேறு பேச்சே இல்லை. யூனிக்ஸ் வகை ஓஎஸ், நினைவகத் தவறு பிடித்தல்: எம்எம்யு உள்ள 030 அல்லது 060. எல்லாவற்றையும் குறைந்த செலவில் சோதித்துப் பார்க்க ஆசை, கோப்புகளைத் திருத்தி அமைப்புகளோடு விளையாடப் பிடிக்கும் என்றால் பைஸ்டார்ம். செருகினோம், மூடினோம், மறந்தோம் என்று இருக்க வேண்டும், வேகமும் வேண்டும் என்பவருக்கு வாம்பயர்.

மற்றப் பழைய இயந்திரங்கள்

ஆப்பிள் 2-இல் 6502 ஓடுவது 1 மெகாஹெர்ட்ஸை ஒட்டி. டிரான்ஸ்வார்ப் கார்டு 3.6 மெகாஹெர்ட்ஸ் தந்தது, ஜிப் சிப் என்பது சாக்கெட்டிலேயே உட்காரும், இப்போது ஃபாஸ்ட்சிப் 16 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போகிறது. இங்கே பார்க்க வேண்டியது டிஸ்க். டிஸ்க் 2 டிரைவின் நேரக் கணக்கு முழுக்க மென்பொருளில் இருப்பதால் டிஸ்க்கைத் தொடும்போது போர்டு தானாக 1 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கியாக வேண்டும், எந்த ஸ்லாட்டுக்கு இறங்க வேண்டும் என்று அமைக்கும் வசதி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. வேகத்துக்குப் பதில் வேறு உலகமே வேண்டும் என்றால் 1980-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இசட்80 சாஃப்ட்கார்டு இன்றும் நல்ல தேர்வு, அது ஆப்பிளில் சிபி/எம் என்ற பழைய ஓஎஸ்ஸை ஓட்டுகிறது.

கமடோர் 64-க்கு 1996-இல் சிஎம்டி நிறுவனம் கொண்டுவந்த சூப்பர்சிபியு 20 மெகாஹெர்ட்ஸில் 65816-ஐ ஓட்டுகிறது. அதற்கென்று எழுதப்பட்ட மென்பொருள் குறைவு, ஜியோஸ் என்ற கிராஃபிக்ஸ் ஓஎஸ்ஸைப் பயன்படுத்துபவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பிசி பக்கம் நிலைமை வேறு. 8088 இருந்த இடத்தில் என்இசி வி20-ஐச் செருகுவது இன்றைக்கும் மிக எளிய, மிகப் பாதுகாப்பான மாற்றம், கொஞ்சம் வேகம் கூடும், பிரச்சினை அரிது. 386 போர்டில் சிரிக்ஸ் 486டிஎல்சி போடுவது அப்படி அல்ல. அதன் உள்ளே 1 கிலோபைட் கேஷ் இருக்கிறது, அந்தக் கேஷ் இருப்பதே பழைய மதர்போர்டுக்குத் தெரியாது. டிஎம்ஏ வழியாக, அதாவது ப்ராசஸரைத் தொடாமல் நேரடியாக, டிஸ்க்கிலிருந்து ராமுக்குப் புதிய தரவு வந்துவிட்ட பிறகும் ப்ராசஸர் கேஷில் உள்ள பழைய தரவையே படித்துக்கொண்டிருக்கும், கடைசியில் கோப்புகள் கெட்டுப்போகும். பயாஸ் ஆதரவோ, கேஷைக் கட்டுப்படுத்தும் சின்ன நிரலோ இல்லாமல் அதில் இறங்காதீர்கள். 486 போர்டில் இரண்டு நல்ல வழிகள்: ஏஎம்டி 5எக்ஸ்86, 133 மெகாஹெர்ட்ஸ், 16 கிலோபைட் கேஷ், முழு எண் கணக்கில் பலசாலி, ஆனால் 3.45 வோல்ட் கேட்கும், 5 வோல்ட் மட்டுமே தரும் பழைய போர்டில் நடுவே ரெகுலேட்டர் உள்ள அடாப்டர் கட்டாயம். இன்டெலின் பென்டியம் ஓவர்டிரைவ் 83 மெகாஹெர்ட்ஸ்தான், ரெகுலேட்டர் அதிலேயே இருக்கிறது, தசமக் கணக்கில் முந்துகிறது. குவேக் என்ற முப்பரிமாண ஆட்டத்தை ஓட்ட ஆசைப்படுபவர் இன்டெல் பக்கம் போகலாம், மற்ற டாஸ் வேலைகளுக்கு ஏஎம்டியே போதும்.

ஆர்டர் போடும் முன்

பெட்டியைத் திறந்து மதர்போர்டைப் பாருங்கள். அமிகா 1200, 600 இரண்டிலும் உள்ள சின்ன எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர்கள் கசிந்து தடங்களை அரிக்கும், 500 பிளஸ்ஸில் அந்த வேலையைச் செய்வது பேட்டரி. கசிவு இருந்தால் முதல் செலவு அங்கேதான், ஏனென்றால் அரித்த தடத்தின் மேல் போட்ட வேகமான போர்டு தரும் பிழைகளுக்குக் காரணம் போர்டா மதர்போர்டா என்று கண்டுபிடிக்கவே முடியாது. 1200-இன் சில மதர்போர்டுத் திருத்தங்களில் இரண்டு சின்ன உதிரிகளை எடுத்தால்தான் ஆக்சிலரேட்டர் நிலையாக ஓடும், டைமிங் ஃபிக்ஸ் என்று அதற்குப் பெயர், உங்கள் திருத்தத்துக்கு அது வேண்டுமா என்று பார்த்துவிடுங்கள். 1200-உடன் வந்த பவர் சப்ளை 500-உடையதைவிட வலு குறைந்தது, பெரிய போர்டு போடும்போது நவீன பவர் சப்ளைக்கும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

500-இல் 68000-ஐக் கழற்றும்போது இரு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும், சாக்கெட் தளர்ந்திருந்தால் மாற்றுவதே மேல். விசைப்பலகைக்குக் கீழே உயரம் போதுமா என்றும் அளந்து பாருங்கள். அமிகா 600-இல் ப்ராசஸர் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் ஆக்சிலரேட்டர் அதன் மேல் கவ்விக்கொண்டு உட்காரும், அந்தப் பிடி சூட்டில் மெல்ல மேலே எழும்பி வருவது அந்த மாடலின் பழைய நோய். அழுத்திப் பிடிக்கும் தாங்கி ஏதாவது போர்டோடு சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள். பழைய போர்டை வாங்குவதாக இருந்தால் ஒர்க்பெஞ்ச் வந்துவிட்டது என்று காட்டும் ஒரு படம் போதாது, பெட்டியை மூடிய நிலையில் சில மணி நேரம் மெமரி டெஸ்ட் ஓடி முடித்த திரையைக் காட்டச் சொல்லுங்கள்.